‘ரு’ விடுபட்ட அறிக்கை

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. அந்தக் கோபம்கூட என் சொந்தச் சரக்கு இல்லை. அக்காவிடம் இரவல் வாங்கியது. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு போன் செய்தாள். "கதை எழுதுறேன் கதை எழுதுறேன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறியே, இத எழுது பாப்போம்" என்று ஆரம்பித்து நாற்பது நிமிடம் பேசினாள். நடுவில் நான் சொன்னது நாலைந்து "ம்" மட்டும்தான். வைக்கும்போது என் காது சுட்டது. போன் சூடா, பேச்சின் சூடா என்று தெரியவில்லை.

விஷயம் இதுதான்: ஒரு மருத்துவமனையின் பயிற்சி ஸ்லைடுகளில் எழுத்துருவை மாற்றினார்கள். ஆமாம், ஃபாண்ட். இந்த இடத்தில் உங்கள் விரல் பக்கத்தைத் தள்ளப் போவது எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். எனக்குப் பழக்கமான பத்திரிகை ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவரும் அப்படித்தான் செய்தார். "ஃபாண்ட்டுக்காக யாரு சார் அழப் போறாங்க? கடைசில யாராவது சாகுறாங்களா?" என்று கேட்டார். இதுவரை இல்லை என்றேன். "அப்ப யோசிங்க" என்று வைத்துவிட்டார்.

யோசித்தேன். யோசிக்க யோசிக்க எனக்கே சொந்தமாகக் கோபம் வந்துவிட்டது. ஆகவே இனி வருவதில் இரண்டு பேர் கோபமும் கலந்திருக்கும். பிரித்துக் காட்ட என்னால் முடியாது.

2

முதல் வரி. முதல் முயற்சி:

கணினித் திரையின் வெளிச்சம் முகத்தில் விழ, நீண்ட பெருமூச்சு ஒன்றை விட்டபடி அவள்

வேண்டாம். அக்கா பெருமூச்சு விடுகிற ரகம் இல்லை, சண்டை பிடிக்கிற ரகம். இரண்டாவது முயற்சி:

ஜன்னல் இல்லாத ஓர் அறையில், எழுத்துகளின் மீது தீராத காதல் கொண்ட ஒரு பெண்

காதலாவது கத்தரிக்காயாவது. ஜன்னலும் இருக்கிறது; அதைத் திறந்தால் ஜெனரேட்டர் புகை உள்ளே வரும் என்று மூடி வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டு தொடக்கத்தையும் அவளுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் திருப்பி அனுப்பினாள். கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தலைப்பு ஒரு ஃபாண்ட்டிலும் கதை வேறு ஃபாண்ட்டிலும் இருந்ததைச் சரிசெய்து, கீழே "நடந்தத நடந்தபடி சொல்லு, போதும்" என்று எழுதியிருந்தாள்.

3

மருத்துவமனையில் அவளுக்கு ஃபாண்ட் அக்கா என்று பெயர். கேலியாக வைத்த பெயர்தான். வயதில் மூத்த டாக்டர்கள்கூட இப்போது அப்படியே கூப்பிடுகிறார்கள். பயிற்சிப் பிரிவில் அவளுக்கு வேலை. டாக்டர்களும் சிஸ்டர்களும் வகுப்பெடுக்க வைத்திருக்கும் ஸ்லைடுகளை வாங்கி, திருத்தி, ஒழுங்குபடுத்தி வைக்க வேண்டும். இருபது வருடமாக ஆளாளுக்குத் தோன்றியபடி செய்த முந்நூற்று நாற்பது கோப்புகள். அவற்றில் பதினாலு வகை எழுத்துரு. இதய டாக்டர் ஒருவர் மாரடைப்பு என்ற தலைப்பைக் கல்யாணப் பத்திரிகை எழுத்தில், சுழியும் கொடியுமாகப் போட்டு வைத்திருந்தார்.

இந்த வருடம் மருத்துவமனைக்குப் புதுச் சின்னம் வந்தது. கூடவே ஒரு சுற்றறிக்கை: இனி எல்லா ஸ்லைடும் ஒரே எழுத்துருவில் இருக்க வேண்டும். அக்காவுக்குச் சந்தோஷம். பல வருடமாக அவள் கத்திக்கொண்டிருந்ததைத்தான் யாரோ கோட்டு போட்டவர் வந்து சொன்னதும் ஏற்றுக்கொண்டார்கள். யார் சொன்னால் என்ன, வேலை நடந்தால் சரி என்று இருந்தாள்.

அந்த வேலையைச் செய்ய ஒரு முறை இருக்கிறது. பொறுமையாகக் கேளுங்கள், இதில்தான் எல்லாம் கிடக்கிறது. ஸ்லைடு செய்யும் மென்பொருளில் தீம் என்று ஒன்று உண்டு. அதில் தலைப்புக்கு ஓர் எழுத்துரு, அதன் கீழே வரும் வாசகத்துக்கு ஓர் எழுத்துரு. இந்த இரண்டையும் மாஸ்டர் ஸ்லைடில் ஒருமுறை சரியாக வைத்துவிட்டால், கீழே இருக்கும் நூறு ஸ்லைடும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும், மாடித் தொட்டியிலிருந்து வீட்டுக் குழாய்கள் எடுப்பது போல. ஆனால் எப்போதோ யாரோ ஒரு வார்த்தையை, ஓர் எழுத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, கையால் தனி ஃபாண்ட் போட்டிருந்தால் அது தொட்டியின் பேச்சைக் கேட்காது. அப்படிப்பட்ட இடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ஏன் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, அதன் பிறகு மாற்ற வேண்டும். அந்த "ஏன்"னைப் பார்ப்பதற்குத்தான் தனக்குச் சம்பளம் என்று அக்கா சொல்வாள்.

அவள் ஆறு வாரம் கேட்டாள். மேலாளர் நாலு நாள் கொடுத்தார். ஆய்வுக் குழு வருகிறதாம். நாலு நாளில் பன்னிரண்டு கோப்புகளை முடித்தாள்.*

* பன்னிரண்டுதானா என்று நானும் கேட்டேன். "நீ ஒரு கதைய எத்தன நாளாடா எழுதுற?" என்று திருப்பிக் கேட்டாள்.

4

இங்கேதான் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது.

அஞ்சாவது நாளும் ஆறாவது நாளும் அவள் விடுப்பு. மாமியாருக்குக் கண் அறுவைச் சிகிச்சை. கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றபோது மேலாளர் போன் செய்தார். மாமியாரின் கண் எப்படி இருக்கிறது என்று முதலில் விசாரித்தார். பிறகு, ஒரு கோப்பை மட்டும் பார்க்க வேண்டும், உங்கள் கணினியின் பாஸ்வேர்டைச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அக்கா சொன்னாள்.

ஏன் சொன்னாள்? ஒரு புள்ளி தள்ளி இருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறவள், டாக்டர்களிடமே முகத்துக்கு நேராகத் "தப்பு" என்று சொல்கிறவள், பாஸ்வேர்டைத் தூக்கிக் கொடுத்தாள் என்றால் நம்பும்படியாக இல்லை. கதையில் அவளைக் கொடுக்காமல் இருக்கச் செய்யலாமா, அவரே திருடியதாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அப்படி வைத்தால் அவள் பக்கம் சுத்தமாக இருக்கும், வாசகர்களுக்கும் வசதி.

"பொய் எழுதாத" என்றாள். "அவரு மரியாதையா கேட்டாரு. எட்டு வருஷத்துல மொதத் தடவையா மரியாதையா கேட்டாரு. குடுத்துட்டேன்."

அப்படியே எழுதிவிட்டேன்.

அன்று மத்தியானம் மேலாளர் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். தீம், மாஸ்டர் என்று எதையும் தொடவில்லை. ஒவ்வொரு கோப்பையும் திறந்து, எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாகத் தேர்ந்தெடுத்து, புது எழுத்துருவைப் போட்டு, மூடினார். இரண்டே நாளில் முந்நூற்று இருபத்தெட்டும் முடிந்தது. ஒவ்வொரு கோப்பிலும், கடைசியாக மாற்றியவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர் பதிந்தது. ஆய்வுக் குழு வந்து, ஸ்லைடுகள் கண்ணுக்கு அழகாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனது.

5

[இங்கே ஒரு வர்ணனை இருந்தது. வகுப்பறை, மின்விசிறி, வெள்ளைச் சீருடைகள். எடுத்துவிட்டேன்.]

இனி ஓர் எழுத்தைப் பற்றி. மருந்தின் அளவில் மைக்ரோகிராம் என்பதற்கு மியூ என்ற கிரேக்க எழுத்தைப் போடுவது வழக்கம். அந்தக் காலத்து டாக்டர்களுக்கு விசைப்பலகையில் அதை எங்கே தேடுவது என்று தெரியவில்லை. ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். குறியீடுகளுக்கென்றே ஒரு ஃபாண்ட் இருந்தது. ஆங்கில எம்மை அடித்து, அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் அந்த ஃபாண்ட்டைப் போட்டால் திரையில் மியூ தெரியும். உள்ளே இருப்பது எம்தான். மியூ வேஷம் கட்டியிருக்கும். ஃபாண்ட்டைக் கழற்றினால் வேஷம் கலைந்து எம் வெளியே வந்துவிடும். எம் என்றால் மில்லிகிராம். ஆயிரம் மடங்கு.

அக்கா முடித்த பன்னிரண்டில் ஒன்றில் இப்படி ஓர் எம் இருந்தது. கையால் மாற்றி, உண்மையான மியூவைப் போட்டு, மற்றவற்றிலும் இருக்கலாம் என்று மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதினாள். அவர் அதைத் திறக்கவே இல்லை.

ஒரு மாதம் கழித்து, பயிற்சி சிஸ்டர் புது நர்ஸுகளுக்கு வகுப்பெடுத்தார். இதய மருந்து ஒன்று, இருநூற்று ஐம்பது மில்லிகிராம் என்று திரை சொன்னது. எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கி, ஓர் ஆம்பூல் குப்பியில் அரை மில்லிகிராம்தானே, இதற்கு ஐநூறு ஆம்பூல் உடைக்க வேண்டுமே சிஸ்டர், எந்த வார்டில் இருக்கிறது என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. பயிற்சி சிஸ்டர் திரும்பித் திரையைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. வகுப்பை அப்படியே நிறுத்திவிட்டு, புகார் எழுதிக் கொடுத்தார். புகாரில் அக்காவின் பெயர்தான் இருந்தது. கோப்பில் அந்தப் பெயர்தானே இருக்கிறது, அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது.

6

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். அறிக்கை ஒரே பக்கம். பிழையின் வகை என்ற கட்டத்தில் எழுத்துப்பிழை என்று போட்டிருந்தது. கீழே அக்கா கையெழுத்துப் போட இடம்.

அக்கா படித்துப் பார்த்தாள். ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்றாள். எங்கே என்று அவர்கள் குனிந்து தேடினார்கள். 'ரு' வேண்டும், இது எழுத்துப்பிழை இல்லை, எழுத்துருப்பிழை என்றாள். இரண்டும் ஒன்றுதானேம்மா என்றார் ஒருவர்.

ஒன்று இல்லை. எழுத்துப்பிழை என்றால் தட்டச்சு செய்தவளின் விரல் வழுக்கியது என்று அர்த்தம். அந்த ஒரு ஸ்லைடைத் திருத்திவிட்டுக் கோப்பை மூடிவிடலாம். எழுத்துருப்பிழை என்றால் மாற்றிய முறையே தப்பு. அதே முறையில் மாற்றிய முந்நூற்று இருபத்தெட்டையும் திறந்து பார்த்தாக வேண்டும். யார் மாற்றச் சொன்னது, யார் மாற்றியது என்றும் கேட்டாக வேண்டும். ஒரே ஓர் எழுத்தை விழுங்கிவிட்டு இவ்வளவையும் பூசி மெழுகிவிட்டார்கள்.

வெளியே நடையில் மேலாளர் அவளை நிறுத்தினார். குரலைத் தாழ்த்தி, அதே மரியாதையோடு பேசினார்.

"எழுத்துப்பிழைன்னா ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோட போயிடும்மா. நான் செய்யல, பாஸ்வேர்டக் குடுத்தேன்னு சொன்னீங்கன்னா விதிப்படி வேலையே போயிடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நல்லதாம். அவர் செய்த காரியத்தை அவள் தலையில் கட்டி, அதற்கு மேல் நல்லது என்று ஒரு நாடாவையும் கட்டிக் கொடுக்கிறார். இந்த மனிதருக்குக் கதையில் ஏதாவது ஒரு நல்ல குணம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாத்திரம் தட்டையாகிவிடும் என்று எழுத்துப் பட்டறைகளில் சொல்வார்கள். இரண்டு நாள் தேடினேன். மாமியாரின் கண்ணை விசாரித்தார் அல்லவா, அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

நாளை திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் கையெழுத்து வேண்டும். அதுவரை இந்த விஷயத்தைப் பற்றி வெளியில் யாரிடமும் பேசக் கூடாது என்று எழுத்துமூலம் ஓர் உத்தரவும் கொடுத்திருக்கிறார்கள்.*

* என்னிடம் பேசியதே உத்தரவை மீறியதுதான். அதனால்தான் யாருக்கும் பெயர் வைக்கவில்லை.

7

முடிவுகள். மூன்று எழுதினேன்.

(அ) அவள் கையெழுத்துப் போடுகிறாள். எச்சரிக்கைக் கடிதம் வருகிறது, பீரோவுக்குள் போகிறது. வேலை இருக்கிறது, வீட்டுக் கடன் நடக்கிறது. அத்தானுக்கு இதுதான் பிடித்திருக்கிறது. அத்தான் கெட்டவர் இல்லை. "யாருக்கும் ஒண்ணும் ஆகல, போட்டுட்டு வேலையப் பாரு" என்பது அவர் கருத்து.

(ஆ) அவள் பேனாவை எடுத்து, இடைவெளியில் 'ரு'வைச் செருகி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, நிமிர்ந்து நடந்து வெளியே போகிறாள். எனக்குப் பிடித்த முடிவு. கைதட்டல் வாங்கும்.

(இ) பத்திரிகை ஆசிரியரின் முடிவு. எங்கோ ஒரு வார்டில் ஒரு குழந்தை

இதை நான் முடிக்கவில்லை. எழுதத் தொடங்கியபோது கை நன்றாகத்தான் ஓடியது, அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. ஒரு தப்பு தப்புதான் என்று நீங்கள் ஒப்புக்கொள்ள நான் ஒரு குழந்தையைச் சாகடிக்க வேண்டுமா? சாகாவிட்டால் அது எழுத்துப்பிழை, செத்தால் அது கதையா? விசாரணை அறையில் இருந்த மூன்று பேருக்கும் அந்த ஆசிரியருக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. பாதி வரி எழுதிய எனக்கும்தான்.

மூன்றையும் அக்காவுக்கு அனுப்பினேன். இந்த முறை ஃபாண்ட்டைத் திருத்தவில்லை. போன் செய்தாள்.

"மூணுலயும் என்னப் பத்தியே எழுதியிருக்க. நான் போடுறேனா போடலையான்னு. அந்த வகுப்புல ஏன் சிரிச்சாங்க தெரியுமா? ஐநூறு ஆம்பூல்னால சிரிச்சாங்க. யாராலயும் உடைக்க முடியாது, அதனால தப்பிச்சோம். ஒரே குப்பியில அடங்குற மருந்தா இருந்தா யாருடா சிரிப்பா? அது எந்த ஸ்லைடுல உக்காந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

அவளுக்கும் அப்போது தெரியாது. ஆனால் வியாழக்கிழமையிலிருந்து யாரிடமும் சொல்லாமல் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, தான் முன்பே எடுத்து வைத்திருந்த பழைய பிரதியோடு பக்கம் பக்கமாக ஒத்துப்பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதை அப்போதுதான் என்னிடம் சொன்னாள்.

8

இன்று ஞாயிற்றுக்கிழமை. இந்தப் பகுதியில் நாலாவதாக ஒரு முடிவை எழுதுவதாக இருந்தேன். கொஞ்சம் (ஆ)வும் கொஞ்சம் (அ)வுமாக, யாருக்கும் வலிக்காமல், அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்னால் ரகசியமாக எல்லாவற்றையும்

காலை பதினொன்றுக்கு அவள் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டாள். எழுபத்தோராவது கோப்பில் அது இருந்தது. பதினாறாவது ஸ்லைடு, அட்டவணையில் மூன்றாவது வரிசை. அளவு ஒரு மைக்ரோகிராம் என்று இருக்க வேண்டும். ஒரு மில்லிகிராம் என்று இருக்கிறது. ஒரு குப்பியில் சரியாக ஒரு மில்லிகிராம் வருகிறது. முழுக் குப்பியையும் ஏற்றினால் கணக்குச் சரியாக இருக்கும், யாருக்கும் சிரிப்பு வராது.

அந்த ஸ்லைடு மூன்று வாரத்துக்கு முன்பு வகுப்பில் ஓடியிருக்கிறது. முப்பத்தெட்டு நர்ஸுகள், வெவ்வேறு ஊர்களிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்கள். முடித்துவிட்டு அவரவர் மருத்துவமனைக்குத் திரும்பிப் போய்விட்டார்கள், நோட்டுப் புத்தகத்தோடு.

அக்கா மேலாளருக்குப் போன் செய்தாள். திங்கட்கிழமை பேசலாம் என்றார். விசாரணையில் இருந்த ஒருவருக்குச் செய்தாள், அவர் எடுக்கவில்லை. பிறகு தன்மேல் புகார் எழுதிய பயிற்சி சிஸ்டருக்குச் செய்தாள். அவர் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். வந்து உட்கார்ந்ததும், "மொதப் பத்தொன்பது நீங்க, மிச்சம் நான்" என்றாராம்.

இப்போது அவர்கள் போன் செய்துகொண்டிருக்கிறார்கள். என்னோடு பேசிய போனை அவள் அணைக்காமல் மேசையில் வைத்திருக்கிறாள்; நான் இதை எழுதிக்கொண்டே அதில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொருவரிடமும் அக்கா தன் பெயரைச் சொல்கிறாள், வேலையைச் சொல்கிறாள், தப்பு எங்கள் ஸ்லைடில் என்று சொல்கிறாள். "நோட்ட எடுத்துட்டு வாங்க. மில்லின்னு எழுதியிருந்தா அடிச்சிட்டு மைக்ரோன்னு எழுதுங்க. இப்பவே எழுதுங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்கிறாள். சிலர் நன்றி சொல்கிறார்கள். ஒரு பெண் அழுதுவிட்டாள். நேற்று அந்த மருந்தை எடுக்கப் போய், வார்டில் இருந்த பழைய அட்டையைப் பார்த்து அளவை மாற்றிக்கொண்டாளாம், தனக்குத்தான் தப்பாக நினைவிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாளாம்.

முப்பத்தெட்டுப் பேரிடம் சொன்ன விஷயம் ரகசியமாக இருக்காது. உத்தரவை மீறியதற்கு நாளைக்கு வேலை போகும், பாஸ்வேர்டுக்காகப் போகாவிட்டாலும் இதற்காகப் போகும். நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். "அப்புறம் பேசலாம்டா, அடுத்த நம்பர் அடிக்குது" என்றாள். அந்த ஒற்றைப் பக்க அறிக்கை கையெழுத்து இல்லாமல் மேசையில்தான் கிடக்கிறது என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

ஆகவே இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப் போவதில்லை. பயிற்சி சிஸ்டரின் பாதி முடிந்துவிட்டது. அக்காவின் பட்டியலில் பதினெட்டுப் பேர் எடுத்துவிட்டார்கள். பத்தொன்பதாம் எண் நாலு தடவை அடித்தும் எடுக்கவில்லை. அவர் பகல் ஷிப்டில் இருக்கிறார் என்று அந்த ஊரில் யாரோ சொன்னார்களாம். அக்கா அஞ்சாவது தடவை அடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஆள் நீங்களாக இருந்தால், தெரியாத நம்பர் என்று விட்டுவிடாமல் தயவுசெய்து எடுங்கள்.